தேநீரும் அலுமினியமும் மறதி நோயும்



மலையகத்துத் தோட்ட லயங்களுள் எதனுள் நுழைந்தாலும் அடுப்பங்கரையில் இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று தேயிலைத் தூள்; மற்றொன்று அதனைக் கொதிக்க வைக்கும் அலுமினியக் கேத்தல். இவ்விரண்டைப் பற்றியும் நெடுங்காலமாக ஓர் ஐயம் மக்களிடையே உலவி வருகின்றது. அலுமினியம் மூளையிற் சென்று படிந்து, முதுமையில் நினைவை அழிக்கும் அல்சைமர் நோயை உண்டாக்கும் என்பதே அந்த ஐயம். இதனைக் கேட்டு வீட்டிலுள்ள சட்டி பானைகளையெல்லாம் வெளியே எறிந்தவர்களும் உண்டு. இது வெறும் கட்டுக்கதை என்று கைகொட்டி நகைப்பவர்களும் உண்டு. இரு சாராரும் இவ்வையத்தின் வரலாற்றை அறிந்தாரல்லர் என்றே சொல்லவேண்டும். அவ்வரலாற்றைத் தொடங்குவதற்குக் கினிகத்தேனையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை வழியாக அட்டன் நோக்கி ஏறிச் செல்லும் பாதையில், மலையின் மேற்குச் சரிவில் அமைந்தது கினிகத்தேனை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரையெல்லாம் முதன்முதலாக இம்மலைச் சரிவிலேதான் இறக்கிவைக்கின்றது. அருகிலுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இத்தகைய மழை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பெய்யுமிடத்து மண்ணிலுள்ள சுண்ணாம்பு முதலிய காரப் பொருள்கள் கரைந்து ஓடிவிடுகின்றன. எஞ்சி நிற்பது புளித்த மண், அதாவது அமிலத்தன்மை மிகுந்த மண். அலுமினியமோ நிலத்தின் மேலோட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் நிறைந்து கிடப்பது. சாதாரண மண்ணில் அது களிமண்ணோடு இறுகப் பிணைந்து, கரையாமல் அடங்கிக் கிடக்கும். மண் புளித்தால் அப்பிணைப்பு நெகிழ்கின்றது. அலுமினியம் நீரிற் கரைந்து வேர்களைத் தேடி வருகின்றது. பெரும்பாலான பயிர்களின் வேர்களுக்கு அது நஞ்சு. தேயிலைச் செடிக்கோ அது விருந்து! கரைந்த அலுமினியம் உள்ள மண்ணிலேதான் தேயிலை செழித்து வளர்கின்றது.

தேயிலைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள இவ்வுறவை ஆராய்ந்து, செனரி என்பார் 1955-இல் விரிவானதொரு கட்டுரை வெளியிட்டார். செடி தான் உறிஞ்சும் அலுமினியத்தை முதிர்ந்த இலைகளிற் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கின்றது. முற்றிய இலையின் உலர்ந்த எடையில் கிலோ ஒன்றுக்கு 30,000 மில்லிகிராம் வரையிற்கூட அது காணப்பட்டதுண்டு. இளங்கொழுந்திலோ சில நூறு மில்லிகிராம் மாத்திரமே இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் நம் பெண்களின் விரல்கள், தம்மையறியாமலே அலுமினியம் குறைந்த பகுதியைத் தேர்ந்தெடுக்கின்றன எனலாம். அவ்வாறு பறித்துப் பக்குவப்படுத்திய தூளிலிருந்து இறங்கும் சாயத்தில் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 6 மில்லிகிராம் அலுமினியம் இருக்கும். குடிநீரில் உள்ளதைக் காட்டிலும் இது பன்மடங்கு அதிகம். எனவே தேநீரில் அலுமினியம் உண்டு என்பது வதந்தியன்று. ஆய்வுக்கூடங்கள் கண்ட உண்மை. அதனால் நோய் வருமா என்பதுதான் வழக்கு.

கேத்தலின் கதை வேறு. அலுமினியத்தை உலோகமாகப் பிரித்தெடுக்கும் வித்தையை 1825-இல் ஏர்ஸ்ரெட்டும், 1827-இல் வோலரும் தொடங்கிவைத்தனர். நெடுங்காலம் அது பொன்னினும் அருமையான பொருளாகவே இருந்தது. பிரான்சியப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதனைத் தம் விருந்து மேசைக்குரிய பெருமையாகக் கருதினார். 1886-இல் அமெரிக்கராகிய ஹோலும் பிரான்சியராகிய எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அதனை மலிவாகப் பிரிக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் பன்னிரண்டே ஆண்டுகளில் அவ்வுலோகம் தமிழர் அடுக்களையை எட்டிவிட்டது. சென்னையில் பொறியியற் பேராசிரியராயிருந்த அல்பிரட் சற்றர்ட்டன், 1898-இல் அங்குள்ள கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடக்கிவைத்தார். பித்தளைக்கு ஈயம் பூசவேண்டும், மண்சட்டி உடையும், அலுமினியத்துக்கு இவ்விரண்டு தொல்லையும் இல்லை. எடையும் குறைவு, விலையும் குறைவு. ஏழைகளின் சமையலறையில் அது நிலைபெற்றதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இனி நோயின் பக்கம் வருவோம். 1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு ஐம்பத்தொரு வயதான ஒரு பெண்மணி கொண்டுவரப்பட்டார். அவர் பெயர் அவுகுஸ்தே டெட்டர். தம் பெயரைக்கூட எழுதி முடிக்க மாட்டாமல் தவித்த அவரை, அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் பொறுமையோடு உசாவிக் குறிப்பெடுத்தார். 1906 ஏப்பிரலில் அப்பெண்மணி காலமானபின் மூளையை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும், உள்ளே நூற்கண்டு போலச் சிக்குண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் தூபிங்கன் நகரில் அதனை அறிவித்தார். 1910-இல் கிரெப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார்.

இந்த இழைச் சிக்கல்தான் அலுமினியத்தை வழக்கினுள் இழுத்துவந்தது. 1965-இல் கிளாட்சோவும் அவருடைய தோழர்களும், தனியே ரெறியும் பெஞாவும், முயல்களின் மூளையுள் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தனர். நரம்பணுக்களுள் இழைச் சிக்கல்கள் தோன்றின. அறிவியலுலகம் திகைத்தது. 1973-இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் கிராப்பர், கிருஷ்ணன், டால்ட்டன் ஆகிய மூவரும் அல்சைமர் நோயால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, சில பகுதிகளில் அலுமினியம் வழக்கத்தினும் கூடியிருக்கக் கண்டதாக எழுதினர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மற்றொரு துன்பம் தலைகாட்டியது. சிறுநீரகம் செயலற்றவர்களுக்கு இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை அப்போது பரவத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அச்சிகிச்சை பெற்றோருட் சிலருக்குப் பேச்சுக் குழறியது, வலிப்பு வந்தது, அறிவு மங்கி இறந்தனர். அல்பிரே என்பாரும் அவர் குழுவினரும் 1972-இல் இதனை விவரித்து, 1976-இல் அலுமினியமே இதற்குக் காரணமாகலாம் என்றனர். அது மெய்யாயிற்று. எவ்வாறு என்பதை நேயர்கள் சற்றுக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கின்றது.

நாம் உண்பவற்றிலுள்ள அலுமினியத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் குடலைக் கடந்து இரத்தத்திற் சேர்வதில்லை. அவ்வாறு சேர்ந்த சிறு துளியையும் நல்ல சிறுநீரகம் வடித்து வெளியேற்றிவிடும். இயந்திரச் சிகிச்சையிலோ குடல் என்னும் காவற்காரனும் இல்லை. சிறுநீரகம் என்னும் துப்புரவாளனும் இல்லை. கலங்கல் தெளிய நகரசபையார் படிகாரம் இட்ட நீர், வாரந்தோறும் நூற்றுக்கணக்கான லீற்றர் அளவில், மெல்லிய சவ்வொன்றின் மறுபுறத்தே நோயாளியின் இரத்தத்தை உரசிச் சென்றது. போதாக்குறைக்கு அவர்களுக்கு அலுமினியம் கலந்த மருந்தும் கொடுக்கப்பட்டது. நீரிலிருந்து அலுமினியத்தை நீக்கிய பின்னர் அந்நோய் அருகிப்போயிற்று.

ஆகவே அலுமினியம் மூளைக்கு நஞ்சாகக்கூடும் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று. ஆயினும் அந்நோய் அல்சைமர் நோயன்று. சிகிச்சையால் வந்த அந்நோயில் அல்சைமர் கண்ட திட்டுகளும் சிக்கல்களும் அடையாளமாக நிற்கவில்லை. முயலின் இழைகளும் நேரானவை. மனித நோயின் இழைகளோ இரண்டிரண்டாக முறுக்கிக் கொண்டவை. இந்த வேறுபாட்டைப் பத்திரிகைகள் எடுத்துச் சொல்லவில்லை. அச்சம் மாத்திரம் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது.

அவ்வச்சம் பரவியதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1987-இல் இலங்கை விஞ்ஞானிகளாகிய தென்னக்கோனும் விக்கிரமநாயக்கவும் 'நேச்சர்' என்னும் உலகப் புகழ்பெற்ற ஆய்விதழில் சிறு குறிப்பொன்று எழுதினர். அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் ஒன்று இயல்பாகவே படர்ந்து அதனைக் காக்கின்றது. அமிலமூட்டிய நீரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு புளோரைட்டு இருந்தாலே அப்படலம் அழிந்து, சிறிது நேரக் கொதிப்பில் பெருமளவு அலுமினியம் கரைந்துவிடுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. குடிநீரிற் புளோரைட்டுச் சேர்க்கும் மேலை நாடுகளில் இது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பிற ஆய்வுக்கூடங்களில் அதே சோதனையைச் செய்தவர்கள் அத்துணை பெரிய அளவைக் காணவில்லை. அவ்வாண்டிலேயே, அதே இதழில், இலங்கையர் இருவரும் தம் எண்களைத் திருத்தி எழுதினர். அறிவியல் நேர்மைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆனால் முதற் செய்தியைப் படித்தவர்களுள் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்திருப்பர்? சுற்றறிக்கைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் பின்னும் பல காலம் பழைய எண்களே திரிந்துகொண்டிருந்தன.

அடுத்த ஆண்டு, 1988 ஜூலையில், இங்கிலாந்தின் காமல்போர்டு நகருக்கு நீர் வழங்கும் நிலையத்தில் 20 தொன் அலுமினிய சல்பேற்று தவறான தொட்டியிற் கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அந்நீரைக் குடிக்க நேர்ந்தது. 1989-இல் மார்ட்டின் என்பாரும் குழுவினரும், இங்கிலாந்திலும் வேல்சிலும் நீரில் அலுமினியம் மிகுந்த மாவட்டங்களில் அல்சைமர் நோய் ஒன்றரை மடங்கு காணப்படுவதாகக் கணக்கிட்டனர். 1992-இல் ஒக்ஸ்போர்டு அறிஞர்கள் நுட்பமான அணுக்கதிர்க் கருவிகொண்டு நோக்கியபோது, மூளைத் திட்டுகளின் நடுவே அலுமினியம் காணப்படவில்லை; முன்னர்க் கண்டது, மூளைத் துண்டுகளுக்குச் சாயமேற்றப் பயன்பட்ட பொருள்களிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதினர். மார்ட்டினே 1997-இல் நோயாளர்களைத் தனித்தனியாக ஆராய்ந்து, நீரிலுள்ள அலுமினியத்துக்கும் நோய்க்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை என்றார். எனினும் 2000-இல் தென்மேற்குப் பிரான்சில் நடந்த நெடுநாள் ஆய்வொன்று மீண்டும் தொடர்பைச் சுட்டியது. வழக்கு முற்றாகத் தள்ளுபடியாகவில்லை, நிறுவப்படவும் இல்லை. இன்று பெரும்பாலான அறிஞர்கள் அலுமினியத்தை அல்சைமர் நோயின் காரணமாகக் கொள்வதில்லை.

தொழிலாளர் வரலாற்றில் நாட்டமுள்ளோர் இன்னொரு செய்தியையும் அறிதல் நன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பொற்சுரங்கங்களில், 1943 முதல் 1979 வரை, நுரையீரல் நோயைத் தடுக்கும் மருந்து என்று சொல்லி, தொழிலாளர்கள் வேலைக்கு இறங்குமுன் அவர்களை அலுமினியத் தூளைச் சுவாசிக்கச் செய்தனர். 1990-இல் வெளியான ஆய்வு அவர்களுடைய அறிவுத்திறன் மதிப்பெண்கள் குறைந்திருக்கக் கண்டது. பின்னர் அவர்களிடையே பார்க்கின்சன் நோய் மிகுந்திருப்பதும் கண்டறியப்பட்டு, 2022-இல் அது தொழில்வழி நோயாக ஏற்கப்பட்டது. நுரையீரல் வழியே தூளாகப் புகுவதும், தேநீரோடு குடலிற் புகுவதும் ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது.

அப்படியாயின் லயத்துக் கேத்தலின் நிலை யாது? உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, 2011-இல், உடலெடை கிலோ ஒன்றுக்கு வாரம் 2 மில்லிகிராம் அலுமினியத்தைத் தாங்கத்தக்க அளவாக வகுத்தது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது வாரம் 120 மில்லிகிராம். நாளொன்றுக்கு ஒரு லீற்றர் தேநீர் குடிப்பவருக்கு, லீற்றருக்கு 3 மில்லிகிராம் என்று கொண்டால், வாரத்தில் 21 மில்லிகிராம் சேர்கின்றது. அதிலும் பெரும்பகுதி தேநீரின் துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்தே குடலைக் கடந்து போய்விடும். கேத்தலில் வெறும் நீரைக் கொதிக்க வைப்பதாற் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. புளிக்குழம்பையும் எலுமிச்சைச் சாறு பிழிந்த பண்டங்களையும் அலுமினியச் சட்டியில் இராமுழுதும் வைத்திருப்பதுதான் தவிர்க்கத்தக்கது. சிறுநீரக நோயுள்ளவர்கள், வயிற்றெரிவுக்கு விற்கப்படும் அலுமினிய மருந்துகளை வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளவே கூடாது. ஒரு வேளை மருந்திலேயே பல நாட் தேநீரினும் கூடுதலான அலுமினியம் உண்டு.

கேத்தலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நாம், நோயைப் பற்றிக் கவலைப்பட்டோமா என்பது வேறு கேள்வி. கொழும்புக்கு அண்மையிலுள்ள ராகமையில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோரிடையே நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு அறிவு மங்கும் நோய் காணப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோருக்கு இருந்தது அல்சைமர் நோய். தோட்டங்களிலோ பாட்டி ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால், 'வயசாயிருச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. 'லான்செற்' ஆணைக்குழு 2024-இல் இந்நோய்களுக்குத் தடுக்கத்தக்க காரணிகள் என்று பதினான்கைத் தொகுத்தது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், கேள்விக்குறைவு முதலியன அவற்றுள் அடங்கும். அலுமினியம் அவற்றுள் இல்லை. இளமையிற் போதிய கல்வி இன்மை அப்பட்டியலில் இருக்கின்றது.

தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை முன்னர் ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாதவையாயிருந்தன. பெண்பிள்ளைகளுட் பலர் அதற்கும் முன்னரே கொழுந்துக் கூடையைச் சுமக்கச் சென்றனர். அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970-களிலேதான். அதற்கு முன் பிள்ளைப் பருவத்தைக் கடந்தவர்களே இன்று எழுபதையும் எண்பதையும் எட்டி நிற்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கினால், கேத்தலை மாற்றுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தைரொயிட்டுச் சுரப்புக் குறைவினாலும், பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவினாலும் இத்தகைய மறதி வருவதுண்டு. இவ்விரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். காலத்தோடு கண்டால் மருந்தினால் திருத்தக்கூடியவை.