காற்றுக்குக் குனிந்தவர்கள்

கல்முனைக் கரையிலே பிறந்தவர்க்குக் காற்றைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆண்டின் நடுப்பகுதியிலே மலைநாட்டைக் கடந்து, ஈரத்தை அங்கே இழந்து, வெம்மையோடு கீழிறங்கி வரும் கச்சானையும், ஆண்டிறுதியிலே மழையோடு வரும் வாடையையும் நம் மீனவரும் உழவரும் நன்கு அறிவர். மருதமுனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக நீளும் தெருவிலே துவிச்சக்கர வண்டி மிதிப்பவரும் அதனை அறிவர். ஏற்றமோ இறக்கமோ இல்லாத அத்தெருவிலே அவருக்குள்ள பகை காற்று ஒன்றே. வாடை வீசும்போது வடக்கு நோக்கி வருபவர், எவரும் கற்பிக்காமலே, தலையைத் தாழ்த்தி முதுகை வளைத்துக்கொள்கிறார். அந்தக் குனிவின் வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகிறேன், நேயர்களே.

முதலிலே பௌதிகவியல் கூறும் கணக்கைப் பார்ப்போம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லக் கால்கள் தரவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திலே செல்பவர் மீது அதே வேகத்திலே எதிர்க்காற்று வீசினால், காற்றில்லாத நாளிலே 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவர் உணரும் தடையை அவர் உணர்வார். சமதரையிலே விரைந்து செல்பவரின் உழைப்பில் மிகப்பெரும் பங்கு காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. அத்தடையின் பெரும்பகுதிக்குக் காரணம் வண்டியன்று, மனித உடலே. நிமிர்ந்த நெஞ்சும், காற்றிலே படபடக்கும் சட்டையும் சாரமும் பாய்மரம் போலத் தொழிற்படுகின்றன.

இவ்வுண்மையை உலகுக்கு முதலிலே வியப்போடு காட்டியவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் மர்பி என்னும் அமெரிக்கர். 1899 ஜூன் 30ஆம் நாள், நியூயோர்க்கை அடுத்த லோங் தீவிலே, தண்டவாளங்களுக்கிடையே பலகை பரப்பி, ஓடும் புகையிரதத்தின் பின்னே ஒரு மைல் தூரத்தை 57.8 விநாடியிலே அவர் கடந்தார். புகையிரதப் பெட்டி காற்றை அவருக்காகப் பிளந்து சென்றது. காற்று நீங்கினால் மனிதனின் கால்கள் எவ்வளவு வல்லவை என்பது அன்று தெளிவாயிற்று.

1933இலே பிரான்சிலே இன்னுமொரு சோதனை நிகழ்ந்தது. சார்ள்ஸ் மோஷே அமைத்த, சாய்ந்து படுத்து மிதிக்கும் வண்டியிலே, முதல்தரத்தவரென எண்ணப்படாத பிரான்சிஸ் போர் என்பவர் ஒரு மணி நேரத்திலே 45.055 கிலோமீற்றர் சென்றார். 1914 முதல் நிலைத்திருந்த ஒஸ்கர் எக்கின் சாதனையை அது விஞ்சியது. ஆனால் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் அடுத்த ஆண்டே அத்தகைய வண்டிகளைப் போட்டியிலிருந்து விலக்கிற்று. வெற்றி மனிதனுக்குரியதா, அவன் அமர்ந்த முறைக்குரியதா என்னும் வழக்கு அன்று தொடங்கியது. இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

அவ்வழக்கிற்குப் புதிய களம் தந்தது ட்ரையத்லன் என்னும் முத்துறைப் போட்டி. நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது செய்யும் இப்போட்டி 1974இலே கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரிலே உருவெடுத்தது. 1978 பெப்ரவரியிலே ஹவாயிலே 15 பேர் தொடங்கிய 'அயன்மேன்' போட்டியை 12 பேர் முடித்தனர். அதிலே சைக்கிளோட்டம் மட்டும் 180 கிலோமீற்றர். ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கிக் காற்றைத் தவிர்க்க அங்கே விதி இடந்தருவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தே காற்றை எதிர்க்க வேண்டும். ஆகவே 1987இலே பனிச்சறுக்குப் பயிற்றுநரான பூன் லெனன், சறுக்கு வீரரின் குனிந்த நிலையைப் பின்பற்றி, முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டும் கைபிடியை ஆக்கியபோது, அதனை முதன்முதல் விரும்பி ஏற்றோர் முத்துறை வீரரே.

அதன் பெருமையை எல்லோரும் அறிந்த நாள் 1989 ஜூலை 23. பிரான்சுச் சுற்றோட்டத்தின் இறுதிநாளிலே அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், லோரான் பினியோனுக்கு 50 விநாடி பின்தங்கி நின்றார். எஞ்சியிருந்தது 24.5 கிலோமீற்றர், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்வது போன்ற தூரம். லெமாண்ட் புதிய கைபிடியைப் பற்றிக் குனிந்தார். பினியோன் பழைய முறையிலே வெறுந்தலையோடு சென்றார். மூன்று வாரம் நடந்த போட்டி 8 விநாடியிலே லெமாண்டுக்கு உரியதாயிற்று.

நம் இளைஞர் சிறப்பாகக் கருதத்தக்க மற்றொருவர் ஸ்கொட்லாந்துக்காரரான கிரேயம் ஒப்ரீ. தம் கையாலே வண்டி செய்து, சலவை இயந்திரத்தின் உருளைத் தாங்கியையும் அதிலே பொருத்தி, கைகளை நெஞ்சின்கீழ் மடக்கிக் குனிந்து, 1993 ஜூலையிலே ஒரு மணி நேரத்திலே 51.596 கிலோமீற்றர் ஓடிச் சாதனை படைத்தார். 1994இலே அந்த அமர்வும் தடைசெய்யப்பட்டது. பெரும்பொருள் இன்றியும் சிந்தனையால் உலகை வெல்லலாம் என்பதை அவர் நிறுவினார். அத்தடையும் அந்த உண்மையை அழிக்கவில்லை.

அவ்வாறாயின், எவ்வளவு குனிகிறோமோ அவ்வளவும் நன்மையா? அதுதான் இல்லை. உடல் மிகத் தாழ்ந்தால் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள கோணம் சுருங்கும், மூச்சு முட்டும், மிதிக்கும் ஆற்றல் குறையும். இதற்காகவே முத்துறை வண்டிகளிலே இருக்கையைச் சற்று முன்னே தள்ளி அமைப்பர். உடல் முன்னோக்கிச் சுழல்வதால் முதுகு தாழ்ந்தும் இடுப்பு விரிந்தே இருக்கும். வண்டியை விட்டிறங்கிய பின் ஓடவேண்டிய கால்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறுதிவரை தாங்கக்கூடிய குனிவே நல்ல குனிவு.

அதனாலாகும் பயனோ சிறிதன்று. காற்றின் தடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அதே ஆற்றலுக்கு நூற்றுக்கு 5 பங்கு வேகம் கூடுமெனக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திலே 180 கிலோமீற்றரை 6 மணி நேரத்திலே கடப்பவர்க்கு அது ஏறத்தாழ 17 நிமிட மிச்சமாகும்.

2018 பெப்ரவரியிலே கொழும்பிலும் அயன்மேன் போட்டியின் பாதித்தூர வகை நடைபெற்றது. கடலும் சமதரையும் இயற்கையாகவே வாய்த்த நமது கரை இளைஞர்க்கு இக்கலை தூரத்து வியப்பாக இருக்க வேண்டியதில்லை. முழங்கையை மடக்குவதற்கும், உடலோடொட்டிய ஆடை அணிவதற்கும் செல்வம் வேண்டா. எச்சரிக்கை ஒன்று மட்டும் உண்டு: கை தடுப்பை விட்டு அகலும் அமர்வு, கல்முனைக் கடைத்தெருவுக்கும் பாடசாலை விடும் நேரத்துக்கும் ஏற்றதன்று. நெரிசல் இல்லாத இடத்திலே, வாகன ஓட்டம் குறைந்த அதிகாலையிலே பழகுக. கச்சானையும் வாடையையும் நம்மாலே நிறுத்த இயலாது. அவற்றுக்கு நம் நெஞ்சை எவ்வளவு காட்டுவது என்பதை மட்டும் நாமே தீர்மானிக்கலாம்.