நினைவுப் பூ: செய்யும் கையும் சேரும் காசும்

போரில் இறந்தவர்களை நினைத்துச் சட்டையில் குத்திக்கொள்ளவும் நினைவிடங்களில் வைக்கவும் பெரும்பாலும் கையால் செய்யப்படும் பூவை நினைவுப் பூ என்கிறோம். பட்டு, பருத்தித் துணி, காகிதம், உல்லன் நூல், சுட்ட களிமண் என்று பலவற்றிலும் அதைச் செய்திருக்கிறார்கள். உலகம் அதிகம் அறிந்தது சிவப்புப் பாப்பி. நம் சமையலறைக் கசகசாவைத் தரும் செடிக்கு நெருங்கிய உறவான காட்டுச் செடியின் பூ அது. பிரான்சில் ஒரு நீலப் பூவும், இலங்கையில் பூவரசம்பூவும், இந்தியாவில் செண்டுமல்லியும் அதற்கு இணையாகவோ எதிராகவோ வந்தன. இந்த வரலாற்றை ஒரு கவிதையில் தொடங்கி ஒரு சின்னத்தில் முடிப்பதுதான் வழக்கம். ஆனால் ஒரு பூவின் இடத்துக்கு இன்னொரு பூ வந்த திருப்பங்களை வரிசையாகப் பார்த்தால், பூவை யார் செய்தார்கள், விற்ற காசு யார் கைக்குப் போனது என்ற இரண்டு கேள்விகளே மாற்றத்தைக் கொண்டுவந்தன என்பது தெரியும். இக்கட்டுரை அந்த வழியில் செல்கிறது.

கனடா இராணுவ மருத்துவரான ஜான் மெக்ரே, பெல்ஜியத்துப் போர்முனையில் எழுதிய 'இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' என்ற கவிதை 1915 டிசம்பர் 8 அன்று லண்டனின் 'பஞ்ச்' இதழில் வெளியானது. அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், 1918 நவம்பரில் போர் ஓயும் தறுவாயில், நியூயார்க் கடையொன்றில் பட்டுப் பாப்பிகளை வாங்கித் தானும் அணிந்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். அதுவரை அது தனிமனித உணர்ச்சி மட்டுமே. அதை ஓர் ஏற்பாடாக மாற்றியவர் பிரான்சைச் சேர்ந்த அன்னா கெரான். போரால் பாழான பகுதிகளின் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் துணிப் பூக்களைச் செய்ய, நேச நாடுகளின் மக்கள் அவற்றை வாங்க வேண்டும் என்பது அவர் திட்டம். 1921-இல் ஆஸ்திரேலிய முன்னாள் படைவீரர் சங்கம் பிரான்சிலிருந்து 10 இலட்சம் பூக்களை வாங்கி, ஒன்றை ஒரு ஷில்லிங்குக்கு விற்றது. அந்தப் பன்னிரண்டு பென்சில் ஐந்து பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு, ஆறு சங்கத்தின் கிளைகளுக்கு, ஒன்று தலைமை நிதிக்கு. நினைவின் கணக்கு இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டது அரிது.

அதே ஆண்டு பிரிட்டனில் புதிதாகப் பிறந்திருந்த முன்னாள் படைவீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜன் 90 இலட்சம் பாப்பிகளுக்கு ஆர்டர் கொடுத்து, போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று விற்றது. 1,06,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே செய்யும் கை மாறிவிட்டது. மேஜர் ஜார்ஜ் ஹவ்சன் 1922-இல் லண்டனில் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் ஐந்து பேரைக் கொண்டு ஒரு பட்டறையைத் தொடங்கினார். ஒரு கை மட்டும் உள்ளவரும் கோத்துவிடக்கூடிய விதத்தில் பூவின் வடிவம் அமைந்தது. பட்டறை சில ஆண்டுகளில் ரிச்மண்டுக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. லண்டன் பூக்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோனதால், 1926-இல் பிரிட்டிஷ் தளபதி ஹேக்கின் மனைவி ஹேக் சீமாட்டி எடின்பரோவில் தனிப் பட்டறை திறந்தார். ஸ்காட்லாந்துப் பாப்பிக்கு இன்றும் நான்கு இதழ்கள், இலை கிடையாது. நிறமும் நாளும் கவிதையும் மாறாமல் இருக்க, பிரெஞ்சு விதவையின் பிழைப்பாக இருந்த பூ பிரிட்டிஷ் ஊனமுற்றவரின் பிழைப்பாகிவிட்டது. அணிந்தவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. குண்டுகள் கிளறிய மண்ணில்தான் பாப்பி விதை முளைத்தது, கல்லறைகளுக்கு நடுவே சிவந்து நின்றது, அந்த இயற்கைக் காட்சியே சின்னத்தைப் படைத்தது, பட்டறை பிறகு வந்தது என்பார்கள். ஈழத் தமிழர்களின் கார்த்திகைப்பூவையும் இதற்குச் சான்றாகக் காட்டலாம். மழைக்காலத்தில் வேலியோரங்களில் தானாகப் பூக்கும் இந்தச் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூவும்கூட. விடுதலைப் புலிகள் 1989 முதல் நவம்பர் 27-ஐ மாவீரர் நாளாக நடத்தியதோடு சேர்ந்து அது நினைவுச் சின்னமானது. இலங்கை அரசு அதைப் புலிகளின் அடையாளமாகவே பார்த்துவருகிறது. அங்கே பருவமே முதலில் வந்தது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இலண்டனிலும் டொராண்டோவிலும் நவம்பர் குளிரில் காந்தள் பூப்பதில்லை. அங்கே யாராவது ஒருவர் அதைச் செய்தால்தான் உண்டு. பிரான்சின் சான்று இன்னும் தெளிவானது. பாப்பி முளைத்த அதே வயல்களில் நீலக் காட்டுப்பூவும் முளைத்தது. பாரிசின் இன்வாலீத் மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களுக்கு வேலையும் வருமானமும் வேண்டும் என்று நினைத்த சுசான் லெனார், சார்லோட் மால்டேர் என்ற இரு பெண்கள், மெல்லிய காகிதத்தில் இதழும் செய்தித்தாள் துண்டில் கேசரமும் வைத்து அந்த நீலப் பூவைச் செய்யவைத்தார்கள். பிரான்ஸ் அதையே தன் நினைவுப் பூவாக வைத்துக்கொண்டது. வயல் இரண்டு பூக்களைத் தந்தது. எது சட்டையில் ஏறும் என்பதைப் பட்டறை தீர்மானித்தது.

காசு பற்றிய கேள்வி வேறெங்கையும்விட இலங்கையில்தான் உரக்கக் கேட்கப்பட்டது. முதல் உலகப் போரில் இலங்கையரும் பங்கெடுத்திருந்தார்கள். ஆனால் கொழும்பில் பாப்பி விற்றுச் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் முன்னாள் படைவீரர்களுக்குப் போனது. இதை எதிர்த்து 1930-களின் தொடக்கத்தில் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், அதே நவம்பர் 11 அன்று 'சூரிய மல்' என்னும் பூவரசம்பூவை விற்கத் தொடங்கினார். வருமானம் வறுமையில் வாடிய இலங்கை முன்னாள் வீரர்களுக்கு. காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து வாடும் இந்தக் கடலோர மரத்தின் பூவில் வீரமும் இல்லை, போர்க்களமும் இல்லை. எளிய மரம், எளிய பூ. 1933-இல் தென் கொழும்பு இளைஞர் சங்கம் இந்த முயற்சியைக் கையிலெடுத்தது. ஆங்கிலேயப் பெண்ணும் பள்ளி முதல்வருமான டோரீன் யங், 'சிலோன் டெய்லி நியூஸ்' நாளிதழில் பூக்களின் போர் என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதினார். ஹொரணையில் வில்மட் பெரேராவின் இல்லத்தில் கூடியவர்கள் அவரையே இயக்கத்தின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏகாதிபத்தியப் போர்களுக்கு எதிர்ப்பு என்ற அரசியல் அப்போதுதான் பூவோடு சேர்ந்தது. பின்னாளில் டோரீன் விக்கிரமசிங்கவாக அறியப்பட்ட அவர், 1952-இல் அக்குறஸ்ஸத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார்.

சூரிய மல் இறந்தவர்களை இழிவுபடுத்திய அரசியல் வித்தை என்று அன்றே குறை சொல்லப்பட்டிருக்கலாம்; இன்றும் சொல்லலாம். ஆனால் அதைத் தொடங்கியவர் தானே போருக்குப் போய்வந்தவர். செத்தவனை நினை, பிழைத்தவனைப் பட்டினி போடு என்ற ஏற்பாட்டையே அவர் மறுத்தார். விற்பனை சிறிது, வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், தொகை பாப்பிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ஆகவே இது தோல்வி என்ற வாதமும் பாதி தூரமே செல்லும். 1934-35-இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அப்போது கிராமங்களுக்குள் போய் மருந்தும் உணவும் கொடுத்தவர்களில் பூ விற்ற இளைஞர்கள் முன்னால் நின்றார்கள். நோயைவிடப் பட்டினியே உடலை உருக்கியிருந்ததைக் கண்டு, 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாற்றை உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். பூ விற்பனையில் ஒன்றுசேர்ந்த வட்டமே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியாகத் திரண்டது. சூரிய மல் இரண்டாம் உலகப் போர்வரை ஆண்டுதோறும் தெருவில் விற்கப்பட்டது. தற்செயலாக, தென் கொழும்பு இளைஞர் சங்கம் சூரிய மலைக் கையிலெடுத்த அதே 1933-இல் இங்கிலாந்தில் கூட்டுறவு மகளிர் கில்டு வெள்ளைப் பாப்பியை வெளியிட்டது. கணவரையும் மகன்களையும் போரில் இழந்த பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். போரில் மடிந்த எல்லோரையும் நினைக்கவும் இனிப் போர் வேண்டாம் என்று சொல்லவும் வந்த பூ அது.

இந்தியாவுக்கு வருவோம். முதல் உலகப் போரில் சுமார் 13 இலட்சம் இந்தியர் பணியாற்றினார்கள். ஏறக்குறைய 74,000 பேர் திரும்பவில்லை. கல் நினைவுகள் சீக்கிரமே எழுந்தன. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சி அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி. அங்குள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், போரில் மாண்ட கொச்சிவாசிகளுக்கான நினைவுத்தூணைச் சென்னை ஆளுநர் 1920 அக்டோபர் 21 அன்று திறந்துவைத்தார். பிரிட்டனின் முதல் பாப்பி நாளுக்கே இன்னும் ஓராண்டு இருந்தது. தூண் வந்தது, பூ வேரூன்றவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளானது. முப்படைகளைக் குறிக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீல நிறங்களில் அச்சிட்ட சிறு கொடிகள் விற்கப்படுகின்றன. கையால் செய்யாத ஒரு சின்னம் இத்தனை ஆண்டு நீடிப்பது இக்கட்டுரையின் வாதத்தை உடைக்கவில்லையா? கொடிநாள் நிதி நீடிக்கிறது என்பது சரி. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்கள் இலக்கு வைத்து வசூலிக்கிறார்கள், படைவீரர் குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேருகிறது. அது சிறிய காரியமல்ல. ஆனால் அந்தக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு நாள் முழுவதும் நடப்பவரைக் காண்பது அரிது. வசூல் வெற்றிபெற்ற இடத்தில் நினைவு இரசீதாகச் சுருங்கிவிட்டது.

போரின் நூற்றாண்டு இந்தக் குறையைச் சிலருக்கு உணர்த்தியது. டெல்லியின் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற படைத்துறை ஆய்வு அமைப்பு, எங்கும் எளிதில் கிடைக்கும் செண்டுமல்லியை இந்தியாவின் நினைவுப் பூவாக முன்வைத்தது. பிரிட்டிஷ் லீஜன் 2018-இல் கதர்த் துணியில் பாப்பி வெளியிட்டது. காந்தியின் இராட்டையும் பேரரசின் பாப்பியும் ஒரே ஊக்கில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றலாம். ஆனால் 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தவரும் காந்திதான். இரண்டில் செண்டுமல்லிக்கே எதிர்காலம் அதிகம் என்று தோன்றுகிறது. அதைக் கட்டத் தெரிந்த கைகள் இங்கே ஒவ்வொரு கோயில் வாசலிலும் இருக்கின்றன.

உல்லன் நூலில் பின்னும் பாப்பிதான் இந்த வரலாற்றின் மிகப் புதிய கிளை. போர்க்காலத்தில் பெண்கள் வீரர்களுக்காகக் கம்பளிக் காலுறை பின்னியது பழைய கதை. பதுங்குகுழி ஈரத்தில் பாதம் அழுகியபோது அந்தக் காலுறை மருந்துக்குச் சமமாக இருந்தது. அந்தப் பழக்கம் பூவானது ஆஸ்திரேலியாவில். 2013-இல் மெல்பர்னைச் சேர்ந்த லின் பெரி, மார்கரெட் நைட் என்ற இருவர், போரில் பணியாற்றிய தங்கள் தந்தையரை நினைத்து 5,000 பாப்பிகள் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ஊசிப் பின்னலிலும் குரோஷே பின்னலிலும் சிவப்பு இதழ், நடுவில் கறுப்புப் பொத்தான். வடிவத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. 2015 ஏப்ரலில், கலிப்பொலிப் போரின் நூற்றாண்டன்று, மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் பூக்கள் விரிந்தன. மறு ஆண்டு லண்டன் செல்சி மலர்க்காட்சிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் போயின. இங்கே முதல்முறையாகக் காசு கதையிலிருந்து விலகுகிறது. பூ விற்கப்படவில்லை, யாருக்கும் பிழைப்பாகவில்லை. பொழுதுபோக்கை நினைவஞ்சலி என்று அழைப்பதாகவும், முன்னாள் வீரர்களுக்குப் போகவேண்டிய பணத்தை நூல் கடைக்குக் கொடுப்பதாகவும் இதைக் குறைசொல்ல இடமுண்டு. இரண்டாவது குறையில் நியாயம் இருக்கிறது. நூல் உருண்டையின் விலை உண்டியலில் விழுவதில்லை. முதலாவதற்குப் பதிலாக 2014-இல் லண்டன் கோபுரத்தைச் சுற்றி நட்ட களிமண் பாப்பிகளைப் பார்க்கலாம். ஓர் உயிருக்கு ஒன்று என 8,88,246 பூக்கள், ஒன்று 25 பவுண்டு, தொகை அறப்பணிக்கு. கணக்கு மிகச் சரி. ஆனால் அதில் எந்தப் பூ யாருக்கு என்று செய்தவருக்குத் தெரியாது. மெல்பர்ன் பூக்கள் எந்தக் கணக்கோடும் பொருந்தவில்லை. பலர் தம் வீட்டில் ஒருவரை மனத்தில் வைத்துப் பின்னினார்கள். காசு போன இடத்தில் நேரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கம்பளி நூல் தென்னாட்டு வெயிலுக்குப் பொருந்தாது, ஆகவே இந்தக் கலைக்கு இங்கே வேர் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. நீலகிரித் தோடர் பெண்கள் புத்துக்குளி என்னும் வெண்பருத்திச் சால்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யும் பூவேலை, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது அதில் கம்பளி நூலும் பயன்படுகிறது. உயிரோடிருப்பவர் போர்த்தும் அந்தச் சால்வையே இறந்தவரைச் சுற்றியும் செல்கிறது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் 1820-களில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் நினைவுக்காக அல்ல, பிழைப்புக்காக. அடிமைநிலையில் இருந்த பெண்கள் அந்தக் கூலியில் தம் விடுதலையை வாங்கினார்கள் என்பது மிஷன் வரலாறு. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் சாரா கோஹன் தன் எம்பிராய்டரிக் கடையில் தொழுகைக் குல்லாக்களையும் சப்பாத் ரொட்டியை மூடும் துணிகளையும் தைத்து விற்றார். 2019 ஆகஸ்டில் 96 வயதில் அவர் மறைந்தபோது கொச்சியின் பரதேசி யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டு, பிறகும் அந்தக் கடையை நினைவிடமாகக் காத்துவருபவர் ஒரு முஸ்லிம் அன்பர். செய்பவர் சமூகத்துக்கு உள்ளேயிருந்து வந்தால்தான் நினைவு உண்மையாகும் என்று கருதுவோருக்கு இது இடறும். ஆனால் நினைவுப் பூக்களின் வரலாற்றில் அந்த நிபந்தனை ஆரம்பத்திலிருந்தே இல்லை: 1921-இல் ஆஸ்திரேலியர்கள் தம் இறந்தவர்களுக்காக அணிந்த பூக்களைச் செய்தவர்கள், அவர்களை ஒருபோதும் பார்த்திராத பிரெஞ்சு அநாதைப் பிள்ளைகள்.