கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்: கொச்சியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பள்ளிக் கணினிக்கல்வி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையையும் செலவையும் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. கேரளத்தின் அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிய வரலாறும் அவ்வாறே ஒரு சிக்கன வரலாறாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2019இல் புதிய இயங்குதளப் பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் அதனைப் பயன்படுத்துவதால் ஏறத்தாழ 3000 கோடி ரூபாய் மிச்சமாகும் எனக் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் மதிப்பிட்டது. உரிமக் கட்டணம் முழுவதையும் செலுத்தியிருந்தால் என்னும் அனுமானத்தின்மேல் எழுந்த கணக்கு இது. இம்மாற்றத்தின் உயிர்நிலை பணத்தில் இல்லை. எழுத்தைத் திருத்தும் உரிமை யாருடையது என்னும் வினாவில் உள்ளது. அவ்வினாவின் வழியே இவ்வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொச்சியும் அச்செழுத்தும்

தமிழ் ஆய்வாளருக்குக் கொச்சி புதிய ஊரன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தை அடுத்து, 'கிரிசித்தியானி வணக்கம்' 1579 நவம்பர் 14இல் கொச்சியில் அச்சேறியது. கொல்லத்து நூலின் இறுதிப் பக்கத்தில் கோவாவில் 1577இல் வார்த்த எழுத்தும், கொல்லத்தில் மறு ஆண்டு வார்த்த எழுத்தும் அருகருகே காட்டப்பட்டுள்ளன. முதல் வார்ப்பு நிறைவு தராதபோது, பயன்படுத்துவோரே புதிதாக வார்த்துக்கொண்டனர். அச்சுலகில் இயல்பாக இருந்த இவ்வுரிமை, எழுத்து மென்பொருளுக்குள் புகுந்தபின் அத்துணை எளிதாக இருக்கவில்லை.

போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனையும் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும் உள்ள மட்டாஞ்சேரி, இன்று ஒரு கல்வி உபமாவட்டத்தின் பெயருமாகும். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி இது. இத்தகைய இடத்தில் பள்ளிக் கணினி எம்மொழியில் பேசும் என்பது சிறிய வினா அன்று.

தன்னார்வலரும் ஆசிரியரும்

பள்ளிகளுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையிலேயே ரிச்சர்டு ஸ்டால்மன் வருகையோடு இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடக்கம் கண்டது. மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் பயனருக்கு உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள். பள்ளித் திட்டத்தின் முதற்கட்டப் பயிற்சி தனியுரிம மென்பொருளையே சார்ந்திருந்தது. ஒரு வணிக நிறுவனத்தின் பண்டத்தைப் பொதுக்கல்வி ஏன் பாடமாக்க வேண்டும் என்று ஆசிரியர் இயக்கங்களும் மென்பொருள் ஆர்வலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பத்தாம் வகுப்புத் தேர்வில் தகவல் தொழில்நுட்பம் இடம்பெற்ற தொடக்க ஆண்டுகளில் இருவகை இயங்குதளமும் அனுமதிக்கப்பட்டன; சில ஆண்டுகளில் கட்டற்ற இயங்குதளம் மட்டுமே நிலைத்தது. 2007இல் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையே இதனை வெளிப்படையாக ஆதரித்தது.

கொள்கை ஆணையால் மட்டும் வகுப்பறைக் கணினி இயங்கிவிடாது. அச்சுப்பொறி ஏற்காமலும் ஒலி எழாமலும் மலையாளம் உடைந்து தோன்றியும் தொல்லை தந்த காலம் அது. லினக்ஸ் பயனர் குழுக்களைச் சேர்ந்தோர் விடுமுறை நாள்களில் கூடிக் கணினிகளில் இயங்குதளத்தை நிறுவித் தந்தனர். ஆசிரியர்க்குப் பழக்கியும் காட்டினர். ஆயினும், தன்னார்வலரின் உழைப்பு நிலைபெற்றமைக்குக் காரணம் பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் ஒருங்கிணைப்பாளராக அமர்த்தப்பட்டமையே எனலாம். அவர் கணினித் துறையினர் அல்லர். கணக்கோ மொழியோ கற்பிப்பவர். குறையைக் கண்டவரும் அதனைத் திருத்தக்கூடியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். டெபியனை அடிப்படையாகக் கொண்டும், பின்னர் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டும் பள்ளிகளுக்கெனத் தனிப்பதிப்புகள் உருவாயின.

எழுத்துச் சிக்கல்

தமிழில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது போல, மலையாளத்தில் 1971இல் தட்டச்சுப்பொறிக்கு ஏற்பக் கூட்டெழுத்துகள் குறைக்கப்பட்டன. பொறியின் இயலாமை மொழியின் வடிவத்தைத் தீர்மானித்த நிகழ்வு இது. கணினியில் அவ்வியலாமை இல்லை என்பதை உணர்ந்த 'ரசனா' இயக்கத்தினர் 1999இல் பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துருவை உருவாக்கினர். 2002இல் தோன்றிய 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழு இப்பணியைத் தொடர்ந்தது. எழுத்துகளைத் திரையில் இணைத்துக்காட்டும் நிரலின் பிழைகளை அதன் தன்னார்வலர்கள் களைந்தனர். திரையிலுள்ள பட்டியல்களையும் அறிவிப்புகளையும் மலையாளமாக்கினர். மூலநிரல் கையில் இருந்ததால்தான் இது இயன்றது.

எல்லாவற்றிலும் அவர்கள் வென்றுவிடவில்லை. உயிரின்றி நிற்கும் சில்லெழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனிக்குறியீடு வேண்டுமா என்னும் விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரே சொல் இருவகையில் பதிவாகித் தேடலில் அகப்படாமல் போகும் என்று இக்குழு எதிர்த்தது. 2008இல் ஒருங்குறியின் 5.1 பதிப்பு தனிக்குறியீட்டை ஏற்றது. டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் தட்டச்சிட்ட பழைய கட்டுரைகளை எழுத்துரு கிட்டாமல் திறக்க முடியாது தவித்த தமிழ்த்துறையினர்க்கு அவ்வச்சத்தின் பொருள் விளங்கும்.

தமிழகத்தை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. ஆனால் தேர்வோ ஆசிரியர் பயிற்சியோ அதனைச் சார்ந்திராததால், பல மாணவர்க்கு அது திறவாத அறையாகவே இருந்தது. 2018இல் வந்த மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில்தான் உபுண்டு இடம்பெற்றது. எகலப்பை விசைப்பலகையை அளித்த 'தமிழா' குழு போன்ற தன்னார்வலர் இங்கும் இருந்தனர். அவர்களையும் பள்ளியையும் இணைக்கும் ஒருங்கிணைப்பாளர்தான் இல்லை.

கேரளத்தில் தமிழ்வழியில் பயிலும் மாணவர்க்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழிலும் வெளிவருகிறது. இடுக்கி, பாலக்காட்டுப் பிள்ளைகள் அதனைப் பயன்கொள்கின்றனர். மலையாள எழுத்துக்காகத் தோன்றிய அதே தன்னார்வக் குழு 2016இல் 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவை வெளியிட்டது. எவரும் பெறலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம் என்னும் உரிமத்துடன் அது கிடைக்கிறது.