சிறுகாப்பும் பேரிடமும்: இராசகிருகத் தென்மதில் குறித்த ஒரு கள நோக்கு

1. முன்னுரை

திருக்குறள் பொருட்பாலின் 75ஆம் அதிகாரம் அரண். நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு என்னும் நான்கையும் அரணுக்குரிய இயற்கை உறுப்புகளாக வகுத்த வள்ளுவர், பின்னர் மதிலின் இயல்புகளைக் கூறுகிறார். அவற்றைத் தொடர்ந்து, காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் அமைவதே அரண் என்கிறார் (குறள் 744). வாயிலும் வழியும் ஒழிந்த பிற இடங்களை மலையும் காடும் நீர்நிலையும் காத்துக்கொள்வதால் காவல் சிறிதாகிறது என்பது இதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கமாகும்.

இக்குறளை வகுப்பில் பலமுறை நடத்தியிருந்தும், 'பெரிய கோட்டை, வலிய காவல்' என்ற பொதுப்பொருளிலேயே இக்கட்டுரையாளர் அதனைக் கடந்து வந்ததுண்டு. உரையாசிரியர் 'வாயிலும் வழியும்' என்று பிரித்துக் கூறியதன் நுட்பம், 2018 டிசம்பரில் பீகாரிலுள்ள இராசகிருகத்தின் தென்மதிலைச் சென்று கண்டபோதே புலனாயிற்று. மலையரண் பற்றிய உரைக்குறிப்பை ஒரு பழைய மலையரணின் அமைப்போடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இராசகிருகமும் அதன் மதிலும்

இன்று ராஜ்கீர் என வழங்கும் இராசகிருகம் நாளந்தாவின் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது. மகதத்தின் பழைய தலைநகரான இந்நகர், மகாபாரதத்தில் கிரிவ்ரசம் எனப்படுகிறது. ஐந்து மலைகள் சூழ்ந்த நகரம் என்றே வடமொழி, பாலி, பிராகிருத நூல்கள் இதனைக் குறிப்பிடுகின்றன. வைபாரம், விபுலம், இரத்தினம், உதயம், சோனம் என்பன இன்று வழங்கும் பெயர்களுள் சில.

இம்மலைகளின் முகடுகளைத் தொடர்ந்து ஏறத்தாழ 40 கி.மீ. நீளத்திற்கு ஒரு கல்மதில் செல்கிறது. செதுக்கப்படாத பெரும்பாறைகளைச் சாந்தின்றி இருபுறமும் அடுக்கி, இடைவெளியைச் சிறுகற்களால் நிரப்பிக் கட்டியுள்ளனர். முகப்புக் கற்கள் பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளமுடையன. மதிலின் அகலம் பல இடங்களில் பதினேழரை அடி. கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கர் கட்டியதாகக் கருதப்பட்ட மதில்களின் பெயரால் தொல்லியலாளர் இதனைச் 'சைக்ளோப்பிய மதில்' என்பர். இது மௌரியர் காலத்திற்கு முற்பட்டது என்பது பெரும்பான்மைக் கருத்தாகும். 1905–06ஆம் ஆண்டில் ஜான் மார்ஷலும், 1913–14ஆம் ஆண்டறிக்கையில் வி.எச். ஜாக்சனும் இம்மதிலை விரிவாக ஆராய்ந்து எழுதினர்.

3. தென்மதிலில் கண்டவை

ராஜ்கீர் செல்வோர் பெரும்பாலும் வடக்கிலுள்ள வெந்நீர் ஊற்றுகளையும், இரத்தினகிரி மேலுள்ள உலக அமைதித் தூபியையும், கழுகுக் குன்றமாகிய கிருத்திரகூடத்தையும் கண்டு திரும்புவர். பள்ளத்தாக்கின் தென்கோடியில் உதயகிரிக்கும் சோனகிரிக்கும் இடையே பாணகங்கை ஓடை வெளியேறும் கணவாய் உள்ளது. கயை செல்லும் சாலை இதன் வழியே செல்வதால், சாலையோரத்து மதிலைப் பயணிகள் வண்டியிலிருந்தே காண்கின்றனர். அதற்கு மேல் முகட்டில் ஏறுவோர் மிகச் சிலரே.

கணவாயை அடையுமுன் பாறைத்தரையில் இரு நீண்ட சக்கரத் தடங்கள் ஆழப் பதிந்துள்ளன. அருகே சங்கு வடிவ எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. வண்டிகள் நெடுங்காலம் இதே வழியில் சென்று வந்தன என்பதற்கு அத்தடங்கள் போதிய சான்றாகும். நகரின் முதன்மையான வழிகளுள் ஒன்று இதுவே.

இக்கணவாயின் இருமருங்கிலுமே மதில் 11 முதல் 12 அடி வரை உயர்ந்து நன்னிலையில் நிற்கிறது. மதிலின் வெளிப்புறத்தே காப்பு மிகுதியும் வேண்டிய இடங்களில் நீள்சதுரக் கொத்தளங்கள் அமைக்கப்பட்டன. இத்தகைய 16 கொத்தளங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. இவை 47 முதல் 60 அடி நீளமும் 34 முதல் 40 அடி அகலமும் கொண்டவை. உட்புறத்தே மதிலின் கனத்துக்குள்ளேயே மேலேறும் படிகளும் சரிவுகளும் வைக்கப்பட்டிருந்தன.

சோனகிரிப் பக்கம் முட்புதர்களை விலக்கி ஏறியபோது காட்சி மாறியது. ஒருமணி நேர ஏற்றத்திற்குப் பின் மதில், பல இடங்களில் சரிந்த கல்வரிசையாகவே எஞ்சியிருந்தது. கற்கள் காலப்போக்கில் சரிந்திருக்கக்கூடும் ஆதலால் எஞ்சிய உயரத்தை மட்டும் சான்றாகக் கொள்ளல் தகாது. ஆயினும் கொத்தளங்கள் ஒரே சீராக அமையாமல், வேண்டிய இடம் நோக்கி அமைந்தமை ஐயத்திற்கு இடமற்றது.

இங்கு ஓர் எளிய கணக்கு உதவும். 40 கி.மீ. மதிலில் 5 மீட்டருக்கு ஒருவர் வீதம் நிறுத்தினால், ஒரு வேளைக் காவலுக்கே 8,000 பேர் வேண்டும். இரவும் பகலும் மாறிமாறி நிற்க அதன் பன்மடங்கு வேண்டும். முகடு முழுவதும் ஆள் நிறுத்துவது கட்டியோர் கருத்தாக இருந்திருக்க இயலாது.

அங்ஙனமாயின், மலையே அரணாக நிற்க, மலைமேல் மதில் எதற்கு என்ற வினா எழும். மலை எங்கும் ஒரே செங்குத்தாக இல்லை. ஏறுதற்கு எளிய சரிவுகள் இடையிடையே உள்ளன. அவற்றை மதில் அடைத்து, மலை முழுவதையும் கடத்தற்கு அரிதாக்குகிறது. அதனால் வீரரை வாயில்களிலும் கணவாய்களிலும் குவிக்க முடிகிறது. எனவே இந்த 40 கி.மீ. காக்க வேண்டிய நீளம் அன்று. காக்க வேண்டியதைக் குறைத்தற்கென்றே கட்டப்பட்ட நீளம். 'சிறுகாப்பு' என்பதும், 'வாயிலும் வழியும் ஒழிந்த இடங்கள்' என்பதும் குறிப்பன இதனையே.

4. இலக்கியங்கள் காட்டும் இராசகிருகம்

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், சுற்றியுள்ள மலைகளையே நகரின் புறமதில் எனக் குறித்தார். பாலி மச்சிம நிகாயத்தின் கோபக மொக்கல்லான சுத்தம், அவந்தி மன்னன் பிரத்தியோதன்மேல் கொண்ட ஐயத்தால் அசாதசத்துரு இந்நகரின் அரணைச் செப்பனிட்ட செய்தியைத் தருகிறது. அரணின் வலிமைக்குப் பின்னே அரசனின் அச்சமும் இருந்தது.

அப்பிரத்தியோதனே தமிழில் கொங்குவேளிரின் பெருங்கதையில் உஞ்சை நகரத்துப் பிரச்சோதனனாக வருகிறான். உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த இக்காப்பியத்தின் மகத காண்டம், உதயணன் இராசகிரியத்திற்குள் புகுவதையும், அந்நாட்டின்மேல் திரண்டு வந்த பகைமன்னரை அவன் கலைப்பதையும் விரிக்கிறது. அவன் நகருக்குள் புகுந்தது படையோடு அன்று; அந்தணக் கோலத்தில். மகாபாரதத்திலோ கண்ணன், வீமன், அருச்சுனன் மூவரும் மாறுகோலம் பூண்டு, வாயிலை விடுத்துச் சைத்தியக மலையின் சிகரத்தைத் தகர்த்து நகர் புகுகின்றனர். முறையல்லா வழியில் வந்தது ஏன் எனச் சராசந்தனே வினவுகிறான்.

பெருங்கதை ஆசிரியர் இம்மலைகளைக் கண்டிருந்தார் எனக் கூற இடமில்லை. அவ்வாறு கூறுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆயினும் இவ்விரு கதைகளும் சிறுகாப்பின் இரு குறைகளைத் தெளிவாகக் காட்டுகின்றன. காவல் குவிந்த வழியில் வேடம் புகும். காவல் குறைந்த முகட்டில் துணிவு புகும். எத்துணைச் சிறப்புடைய அரணும் வினைத்திறம் உடையார் இல்வழிப் பயனற்றது என வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிப்பதன் காரணமும் இங்கே விளங்குகிறது.

5. முடிவுரை

இராசகிருகத்து மதிலைப் பற்றிப் பேசுவோர் அதன் நீளத்தையே பெரிதும் வியப்பர். நீளத்தைக் காட்டிலும் அது பயன்பட்ட முறையே ஆய்வுக்கு உரியது. மலை விட்ட இடத்தை மதில் அடைத்தது. மதில் விட்ட வழியை வீரர் காத்தனர். இம்மூன்றும் சேர்ந்ததே மலையரண். பரிமேலழகர் உரை இத்தெளிவை ஒரே தொடரில் அடக்கி வைத்துள்ளது.

மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டையிலும் இந்நோக்கில் கள ஆய்வு செய்தல் பயன் தரும். காலத்தாலும் கட்டுமானத்தாலும் அது வேறுபட்டதாயினும், எங்கே மலை போதும், எங்கே மதில் வேண்டும், எங்கே ஆள் வேண்டும் என்னும் வினாக்கள் இரண்டிற்கும் பொது. எயில், இஞ்சி, ஞாயில், கொத்தளம் முதலிய சொற்களுக்கு நிகண்டுப் பொருளோடு நிறைவுறாமல், அவை சுட்டும் உறுப்புகள் களத்தில் எவ்விடத்தில் எதன்பொருட்டு அமைந்தன என்பதையும் சேர்த்துத் தொகுத்தல் வேண்டும். சோனகிரி முகட்டில் மதில் சரிந்து கல்வரிசையாகிவரும் நிலையில், இப்பணியைக் காலம் தாழ்த்தாது தொடங்குதல் நலம்.