மியூகோர்மைகோசிஸ் பார்வையிழப்பு

மூக்கை ஒட்டிய சைனஸ் அறைகளில் பற்றும் பூஞ்சை கண்குழிக்குள் ஊடுருவுவதால் திடீரெனப் பார்வை பறிபோகும் நிலை. மக்கள் வழக்கில் கறுப்புப் பூஞ்சை நோய்.

மனித உடலில் இப்பூஞ்சை நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் ஆர்னால்ட் பால்டாஃப். 1885இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். நீரிழிவு முற்றி இரத்தம் அமிலமாகிப்போன நோயாளிகளிடம் சைனஸ், கண், மூளை என அது ஏறிச் செல்வதை 1943இல் கிரிகோரி, கோல்டன், ஹேமேக்கர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவர்கள் கண்ட மூவரும் இறந்தவர்களே. 1950களில் ஆம்போடெரிசின் பி வரும்வரை மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது அம்மருந்து.

நோய்க்காரணி பெரும்பாலும் ரைசோபஸ். பழைய ரொட்டியில் பூக்கும் அதே பேரினம். நெடுங்காலம் சைகோமைகோட்டா தொகுதியில் வைக்கப்பட்டிருந்தது. மரபணு ஆய்வுகள் அத்தொகுதியைக் கலைத்துவிட, ரைசோபஸ் சேர்ந்த மியூகோரேல்ஸ் வரிசை இப்போது மியூகோரோமைகோட்டாவில் அடங்குகிறது. இழைகள் அகன்றவை, குறுக்குச்சுவர் அரிது. இரத்தம் அமிலமாகும்போது புரதப் பிணைப்பிலிருந்து இரும்பு விடுபடுகிறது. பூஞ்சை அதை உண்டு கொழுக்கிறது.

சைனஸுக்கும் கண்குழிக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம்போல் மெல்லியது. அதைக் கடக்கும் இழைகள் தமனிச் சுவரைத் துளைத்து உள்ளே இரத்தத்தை உறையவைக்கின்றன. விழித்திரையின் மையத் தமனியோ கண் தமனியோ அடைபட்டால், சில மணி நேரத்திலேயே விழித்திரை மீளாக் கேடு அடைகிறது. கண்குழியின் முனையில் பார்வை நரம்பு நேரடியாகத் தாக்கப்படுவதும் உண்டு. அப்போது கண் சிவக்காமலே, வீங்காமலே பார்வை போய்விடலாம். கன்னம் மரத்தல், இமை சரிதல், விழி அசையாமை ஆகியவை முன்குறிகள். அண்ணத்திலும் மூக்கிலும் கறுப்பாகத் தெரிவது, இரத்தம் எட்டாமல் செத்த திசு.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, செத்த திசுவை அறுத்தகற்றி, லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஏற்றுவதே சிகிச்சை. உயிர் காக்கச் சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டிவரும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது.

கோவிட் இரண்டாம் அலையில், அளவின்றிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டாலும் கட்டுக்கடங்காத சர்க்கரையாலும் இந்தியாவில் நோய் பெருகியது. 2021 மே மாதம் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் இதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அறிவித்தன.