கோவிந்தூயியா: ஒரு பேரினப் பெயரும் ஹூக்கரின் தீர்ப்பும்

ராபர்ட் வைட் (1796–1872) தென்னிந்தியச் செடிகளுக்குச் சூட்டிய புதுப் பெயர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் ஒரு பகுதி இன்று ஒத்த பெயர்களாக ஒதுக்கப்பட்டுவிட்டது. இதைக் கொண்டு அவரை 'பெயர் பெருக்கியவர்' என்று பார்ப்பவர்கள் உண்டு. இந்தப் பார்வைக்கு வேர், ஜோசப் ஹூக்கரும் தாமஸ் தாம்சனும் 1855-இல் 'ஃப்ளோரா இந்திகா'வுக்கு எழுதிய நீண்ட முன்னுரை. ஒப்பிட்டுப் பார்க்கப் போதிய மாதிரிகள் இல்லாமல் ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள், இந்தியச் சிற்றினங்களின் பட்டியல் வீங்கிக் கிடக்கிறது என்பது அதன் சாரம். வைட்டின் உழைப்பை ஹூக்கர் மதித்தவர்தான். ஆனால் அவர் கையிலெடுத்த அளவுகோல் வைட்டுக்குப் பொருந்துமா என்பதே என் கேள்வி.

பொருந்தாது என்பேன். மாதிரிகளை ஒப்பிடாமல் எழுதியவர் அல்லர் வைட். 1831-இல் விடுப்பில் பிரிட்டனுக்குப் போனவர், தாவரவியலாளர் வாலிச் விநியோகித்த கிழக்கிந்தியக் கம்பெனித் தாவரத் தொகுப்பின் எண்களோடு தம் உலர்தாவரத் தாள்களைப் பொருத்தி, தாவரவியலாளர் வாக்கர்-ஆர்னட்டுடன் சேர்ந்து 1834-இல் 'ப்ரோட்ரோமஸ்' முதல் தொகுதியை வெளியிட்டார். ஹூக்கருக்கும் தாம்சனுக்கும் கள அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் பழகிய களம் பெரும்பாலும் இமயம். அங்கே ஒரு செடி நூற்றுக்கணக்கான மைல் தொடர்ந்து பரவி, மெல்ல மெல்ல உருமாறும். தெற்கே நிலைமை வேறு. நீலகிரிச் சோலைக்கும் ஆனைமலைச் சோலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. இமயத்தில் கற்ற 'ஒன்றே பலவாய்த் தோன்றும்' பாடத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்தியது அவசரம்.

இன்னொன்று, தாள்கள் பற்றியது. 1866-67-இல் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வைட்டின் இரட்டைப் படிகள் பல தொகுப்புகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அவற்றில் ஒட்டிய அச்சுச் சீட்டு, இடம் என்று சொல்வது 'பெனின்சுலா இந்தியே ஓரியன்டாலிஸ்' மட்டுமே. குற்றாலமா, பழனியா, நீலகிரியா என்று அதில் தெரியாது. வைட் கைப்பட எழுதிய பழைய துண்டுச் சீட்டு கூடவே ஒட்டியிருந்தால் நம் அதிர்ஷ்டம். இடத்தை இழந்த தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே செடியின் வகைகளாகத்தான் தெரியும். பின்வந்தவர்கள் செய்த இணைப்புகளில் எத்தனை இப்படி நேர்ந்தவை என்பதைத் தாள் தாளாகப் பார்த்தே சொல்ல முடியும். மொத்தமாகத் தீர்ப்பு வழங்க இதில் இடமில்லை.

இப்போது வைட்டின் படநூலான 'ஐகோனஸ்' ஆறாம் தொகுதியின் 2090-ஆம் படத்துக்கு வருகிறேன். மொத்தம் 2,101 படங்கள் கொண்ட நூலில் இது ஏறக்குறைய கடைசி. படம் ஓர் ஆர்க்கிட். பெயர் கோவிந்தூயியா நெர்வோசா. பேரினப் பெயர் யாருக்காக என்பதை வைட் மறைக்கவில்லை: தம் ஓவியர் கோவிந்துவுக்காக. பூவைப் பிரித்து உறுப்பு உறுப்பாக வரைந்து காட்டுவதில் அவருக்கு இணையானவர் அவர் நாட்டாரில் இல்லை என்று பாராட்டுகிறார். பெர்ஸ்பெக்டிவ் அறிவில் குறை உண்டு என்று ஒரு வாலும் ஒட்டுகிறார். அந்த வால் எனக்கு உறுத்துகிறது. ஆனால் பாராட்டு எதைப் பற்றியது என்பதுதான் இங்கே முக்கியம். வைட் புகழ்வது பூவின் உள்ளமைப்பு வரையப்பட்ட விதத்தை. ஆர்க்கிட்டில் பேரினத்தைப் பிரிப்பதும் பெரும்பாலும் அந்த உள்ளமைப்புதான்.

இதிலிருந்து ஒரு படி மேலே போகிறேன், சான்று மெலிந்த இடம் என்று தெரிந்தே. 'இது தனிப் பேரினம்' என்ற முடிவுக்கு வைட் வந்ததில் கோவிந்துவின் கண்ணுக்கும் பங்கு உண்டு. பூவை அறுத்துப் பார்த்து வரைபவன் எந்தக் கோட்டை அழுத்துகிறான், எதை விடுகிறான் என்பதும் ஒரு வகைப்பாடுதான். அதை நேராக நிறுவும் வரி வைட்டின் எழுத்தில் இல்லை. வைட்டின் ஓவியர்களை 2007-இல் விரிவாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஹென்றி நோல்ட்டியின் நூல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கான வாசலைத் திறந்தன. என் ஊகத்துக்கு அவர் பொறுப்பல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பேரினத்தைப் பொறுத்தவரை வைட் தோற்றார். தாவரவியலாளர் லிண்ட்லி 1833-லேயே 'ட்ரொபீடியா' என்று பெயரிட்டிருந்த பேரினத்துக்குள் கோவிந்தூயியா அடங்கிவிட்டது. ஹூக்கரின் கட்சிக்கு இது ஒரு வெற்றி. ஆனால் முறைப்படி வெளியான பெயர் அழிவதில்லை. ட்ரொபீடியாவின் ஒத்த பெயர்ப் பட்டியலில், இரட்டை 'ஓ' போட்ட கம்பெனிக் காலத்து எழுத்துக்கூட்டலோடு, அது இன்றும் நிற்கிறது.

படம் எப்போது வரையப்பட்டது? தொகுதிக்கு ஆண்டு 1853. வைட் இந்தியாவை விட்டுக் கிளம்பியதும் அதே ஆண்டு. கல்லச்சுப் படத்தில் தேதி கிடையாது. முந்தைய ஓவியர் ரங்கையாவின் பெயர் 1840-களின் நடுவில் மறைந்து, கோவிந்துவின் பெயர் தொடங்குகிறது. ஆகவே 1845-ஐ ஒட்டிய காலத்துக்கும் 1853-க்கும் இடையே என்று மட்டும் சொல்லலாம். அந்த இடைவெளியை இதற்குமேல் சுருக்க என்னிடம் சான்றில்லை.