இறுகினால் நிலைக்குமா? பல் சீரமைப்பில் மினி இம்ப்ளாண்ட்

மினி இம்ப்ளாண்ட் என்னும் சிறு திருகு ஈற்றைத் துளைத்து எலும்புக்குள் இறங்கி முடிகிறது. கைப்பிடியை இன்னும் அரைச்சுற்று திருப்பலாமா என்று மருத்துவரின் விரல்கள் தயங்குகின்றன. பெரும்பாலும் திருப்பிவிடுகின்றன. இறுகினால் நிலைக்கும் என்பது பழகிப்போன நம்பிக்கை. ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

துருத்திய முன்பற்களைக் கடைவாய்ப்பல்லில் கட்டிப் பின்னுக்கு இழுத்தால், கடைவாய்ப்பல்லும் முன்னே நகர்ந்துவிடும். அதைத் தவிர்க்க எலும்பிலேயே நங்கூரம் போட முடியுமா என்று 1945-இல் கெயின்ஸ்ஃபோர்த்தும் ஹிக்லியும் நாய்களின் தாடையில் சோதித்தார்கள். திருகுகள் ஒரு மாத அளவில் கழன்றன. 1983-இல் க்ரீக்மோரும் எக்லண்டும் ஒரே திருகைப் பிடிமானமாக்கி மேல் முன்பற்களை ஏறக்குறைய 6 மி.மீ. உயர்த்தினார்கள். 1.2 மி.மீ. விட்டமுள்ள டைட்டானியத் திருகை ஜப்பானின் கனோமி 1997-இல் அறிமுகப்படுத்தினார்.

இவ்வளவு மெல்லியதைவிடப் பருமனான திருகுதான் நிற்குமா? மியாவாகி குழுவினரின் 2003 ஆய்வில் 1 மி.மீ. திருகு ஒன்றுகூடத் தேறவில்லை. 1.5 மி.மீ. திருகுகளில் 83.9 விழுக்காடும் 2.3 மி.மீ. திருகுகளில் 85 விழுக்காடும் நின்றன. ஓரளவுக்கு மேல் பருமன் கூடியும் பெரிய பலன் இல்லை; நீளத்துக்கோ வெற்றியோடு தொடர்பே தெரியவில்லை. திருகைச் சுற்றி ஈறு அழன்ற இடங்களில்தான் தோல்வி மிகுந்தது.

மோட்டோயோஷி குழு 2006-இல் அந்த அரைச்சுற்றையே அளந்தது எனலாம். திருகைச் செலுத்திய முறுக்குவிசை 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டருக்குள் இருந்தபோது 96 விழுக்காடு வெற்றி. 5-க்குக் கீழே அது சுமார் 73. பத்தைத் தாண்டியபோது சுமார் 61! தளர்வைவிட மிகை இறுக்கமே அதிகத் திருகுகளை இழக்கச் செய்தது.

காரணம் எலும்பின் இயல்பில் இருக்கிறது. முதல் நாள் பிடிப்பு வெறும் உராய்வுப் பிடிப்பு. நாளடைவில் அது குறையும். புது எலும்பு வளர்ந்து அதன் இடத்தை நிரப்பும். மிகையாக நெருக்கினால் எலும்பில் நுண்விரிசல்கள் விழும், குருதியோட்டம் தடைபடும், புது எலும்பு வருமுன் பழையது கரையத் தொடங்கும். கீழ்த்தாடையின் புறஎலும்பு மேல்தாடையினதைவிடத் தடிப்பாக இருந்தும் அங்கே திருகுகள் கூடுதலாகத் தோற்கும் புதிரை இது ஓரளவு விளக்குகிறது. திருகு செலுத்தும்போது எழும் சூடும், அசையாத ஈறு அங்கே குறுகலாக இருப்பதும் பிற காரணங்கள்.

நிலைப்பு என்றால் அசையாமையும் அல்ல. லியூ குழுவினர் 2004-இல் ஒன்பது மாதம் விசை தாங்கிய திருகுகளை ஆராய்ந்தபோது, 16 பேரில் 7 பேருக்கு அவை கழலாமலே இடம் மாறியிருந்தன, சில 1.5 மி.மீ. வரை. திருகுக்கும் பல்வேருக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி விட அவர்கள் சொன்னது அதனால்தான்.

2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தோல்வி 13.5 விழுக்காடு. நோயாளிக்கு அது இன்னொரு ஊசி, இன்னொரு துளை. திருகின் அளவை எழுதும் சிகிச்சைக் குறிப்பில் முறுக்குவிசையையும் மருத்துவர்கள் எழுதிவைக்க வேண்டும்.